தோற்றவர் படிக்கும் தீர்ப்பு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘சுயேச்சை சர்வதேச வணிக நடுவர், பயிற்றுநர்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். நடுவர் என்றதும் பட்டிமன்றம் என்று நினைத்து வந்தவர்கள் இங்கே சிலர் இருக்கலாம். விளையாட்டு நடுவர் என்று நினைத்து, நான் மேடையேறியதும் என் வயிற்றைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்களும் இருக்கலாம். இரண்டும் இல்லை. நிறுவனங்களுக்குள் வரும் வணிகத் தகராறுகளுக்கு நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ப்புச் சொல்கிறவன் நான். அந்த நடுவர்களுக்குக் கூட்டம் உண்டு, கைதட்டல் உண்டு. என் வேலை சாத்திய கதவுக்குப் பின்னால் நடப்பது. வென்றவர் பெரும்பாலும் வெளியே சொல்லக் கூடாது. தோற்றவர் சொல்ல விரும்ப மாட்டார்.

சில மாதங்களுக்கு முன் ஒரு இளம் வழக்கறிஞர் என்னிடம் கேட்டார்: “ஐயா, இந்த வேலைக்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?” எங்கேயும் விண்ணப்பிக்க முடியாது என்றேன். மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, முகம் வாடிவிட்டது. உண்மையிலேயே அப்படித்தான். நீதிபதியை அரசு நியமிக்கிறது. எங்களை நியமிப்பது சண்டை போடுகிறவர்கள். அவர்களுக்குள் ஒத்துவராவிட்டால் அவர்கள் ஒப்புக்கொண்ட அமைப்போ, நீதிமன்றமோ நியமிக்கும். ஒரு வழக்கு முடிந்ததும் வேலை போய்விடும். அடுத்த வழக்கு வரும்வரை நான் வேலையில்லாதவன்.

சரி, இந்தச் சண்டை எப்படி என்னிடம் வருகிறது? இரண்டு நாடுகளில் இரண்டு நிறுவனங்கள். ஒன்று இயந்திரம் செய்கிறது, இன்னொன்று வாங்குகிறது. ஒப்பந்தம் போடும் நாளில் சண்டையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, கல்யாணத்தன்று விவாகரத்தைப் பேசாத மாதிரி. விலை, தவணை, தாமதத்துக்கு இழப்பீடு எல்லாம் பேசி முடித்து, எல்லோருக்கும் கண் சொக்கும் நேரத்தில், பழைய ஒப்பந்தம் ஒன்றிலிருந்து ஒரு ஷரத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் ஒட்டுவார்கள்: தகராறு வந்தால் நடுவர் மூலம் தீர்த்துக்கொள்வோம். எங்கள் வட்டாரத்தில் இதற்கு ‘நள்ளிரவு ஷரத்து’ என்றே பெயர். தூக்கக் கலக்கத்தில் ஒட்டியதில் ஊர் ஒன்று, விதிகள் வேறொன்று, உலகத்திலேயே இல்லாத ஒரு அமைப்பின் பெயர் என்று கலந்துகட்டிக் கிடக்கும். இப்படிப்பட்டவற்றை ‘நோயுற்ற ஷரத்துகள்’ என்று 1974இல் ஃபிரெடரிக் ஐஸ்மன் அழைத்தார். பாரிஸில் ஐசிசி, அதாவது சர்வதேச வணிகச் சபையின் நடுவர் நீதிமன்றத்தின் செயலராக இருந்தவர் அவர். நோயாளிகளை நிறையப் பார்த்திருப்பார்.

ஐசிசி நடுவர் நீதிமன்றம் என்றேனே, அது பெயரில்தான் நீதிமன்றம். 1923இலிருந்து இருக்கிறது, ஆனால் எந்த வழக்கிலும் அது தானே தீர்ப்புச் சொல்வதில்லை. நடுவர்களை நியமிக்கும், மேற்பார்வை பார்க்கும், எங்கள் தீர்ப்பின் வரைவைப் படித்துப் பார்க்கும். தீர்ப்புச் சொல்வது நாங்கள்.

ஏன் நேராக நீதிமன்றத்துக்கே போகக் கூடாது? போகலாம். ஆனால் யாருடைய நாட்டு நீதிமன்றத்துக்கு? எதிராளியின் ஊரில் போய் வழக்காட யாருக்கும் விருப்பமில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒரு நாட்டு நீதிமன்றத் தீர்ப்பு எல்லையைத் தாண்டினால் பல சமயம் வெறும் காகிதம்தான். நடுவர் தீர்ப்புக்கு 1958 ஜூன் 10ஆம் தேதி நியூயார்க்கில் ஒரு கடவுச்சீட்டு கிடைத்தது. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றுவதற்கான உடன்படிக்கை அது. மொத்தமே 16 பிரிவுகள். இன்றைக்கு 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. ஓரிடத்தில் கையெழுத்திட்ட தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, தோற்றவரின் சொத்து எங்கே இருக்கிறதோ அந்த நாட்டு நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம்.

அந்த நீதிமன்றம் எந்தெந்தக் காரணத்துக்காக மறுக்கலாம் என்பதை ஐந்தாவது பிரிவு சொல்கிறது. சின்னப் பட்டியல். “நடுவர் சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார்” என்பது அதில் கிடையாது. “நடுவர் சாட்சியைத் தவறாக எடைபோட்டார்” என்பதும் கிடையாது. “என் பக்கத்தைச் சொல்ல எனக்கு வாய்ப்புத் தரவில்லை” என்பது இருக்கிறது.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பெரும்பாலான நாடுகளில் எங்கள் தீர்ப்பின் சரி தவறைப் பற்றி மேல்முறையீடு கிடையாது. நான் நேர்மையாகவே தப்புச் செய்தாலும் அந்தத் தப்பு நிலைத்துவிடும். கோடிக்கணக்கான டாலர் போகலாம், ஒரு நிறுவனமே மூடப்படலாம். அப்படித் தோற்கிறவருக்கு மிச்சமாக என்ன இருக்கிறது? தான் சொன்னதை யாரோ உட்கார்ந்து கேட்டார்கள், படித்தார்கள், காரணம் சொன்னார்கள் என்பது மட்டும்தான். ஆகவே இந்தத் தொழிலில் நான் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் தோற்கப்போகிறவரை நினைத்தே செய்ய வேண்டியிருக்கிறது. யார் தோற்கப்போகிறார் என்று வழக்கின் தொடக்கத்தில் எனக்கும் தெரியாது. அதனால் இரண்டு பேரையும் அப்படியே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் நாளிலேயே இது ஆரம்பித்துவிடும். ஒரு மின்னஞ்சல் வரும்: இன்னின்ன நிறுவனங்களுக்கிடையே தகராறு, நீங்கள் நடுவராக இருக்க முடியுமா? அனுபவம் இல்லாதவர் சந்தோஷப்படுவார். அனுபவப்பட்டவர் பழைய கோப்புகளைத் தோண்டுவார். இந்த நிறுவனத்துக்கு நான் எப்போதாவது ஆலோசனை சொன்னேனா? இதன் தாய் நிறுவனத்துக்கு? இந்த வழக்கறிஞர்கள் என்னை முன்பு எத்தனை முறை நியமித்தார்கள்? சர்வதேச வழக்கறிஞர் சங்கம் 2004இல் இதற்கு நெறிமுறைகள் வகுத்தது, 2014இலும் 2024இலும் திருத்தியது. சாலை விளக்கு மாதிரி மூன்று நிறம். சிவப்பு என்றால் கடுமையான சிக்கல். ஆரஞ்சு என்றால் வெளியே சொல்ல வேண்டும். பச்சை என்றால் சொல்லத் தேவையில்லை. ஒரே தரப்பு மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு முறையோ அதற்கு மேலோ உங்களை நியமித்திருந்தால் அது ஆரஞ்சு.

புதிதாக வருகிறவர்கள் என்னிடம் வாதாடுவார்கள்: “சொன்னால் வேலை போய்விடுமே.” சில சமயம் போகத்தான் செய்யும், எனக்கும் போயிருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்டதை ஒருவர் நிச்சயம் கண்டுபிடிப்பார். வென்றவருக்கு அதைத் தேட நேரமும் இல்லை, தேவையும் இல்லை. தோற்றவருக்கு இரண்டும் உண்டு.

இதற்கு எல்லோரும் பேசும் ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளை மேடை வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். அந்தக் கிணற்றில் சிமெண்ட் வேலை செய்த ஹாலிபர்ட்டன் நிறுவனம் பெருந்தொகை கொடுத்துச் சமரசம் செய்துகொண்டு, தன் காப்பீட்டு நிறுவனமான சப்பிடம் அதைக் கேட்டது. சப் மறுத்தது. லண்டனில் நடுவர் விசாரணை. மூன்றாவது நடுவர் யார் என்பதில் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. உயர் நீதிமன்றம் ஒருவரை நியமித்தது. அவர் அதற்குப் பிறகு, அதே விபத்தைப் பற்றிய வேறு இரண்டு வழக்குகளிலும் நடுவராக இருக்க ஒப்புக்கொண்டார். அதில் ஒன்றுக்கு அவரை நியமித்தது சப். ஹாலிபர்ட்டனிடம் அவர் இதைச் சொல்லவில்லை. ஹாலிபர்ட்டனுக்கு ஒரு நாள் தெரிந்தது. அவரை நீக்கச் சொல்லி வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 நவம்பரில் தீர்ப்பு வந்தது: சொல்ல வேண்டிய சட்டக் கடமை அவருக்கு இருந்தது, அதை அவர் மீறினார். ஆனால் அந்தச் சூழ்நிலை முழுவதையும் பார்த்தால், நியாயமான பார்வையாளருக்கு அவர் ஒருபக்கம் சாய்வார் என்று தோன்றாது. ஆகவே நீக்க வேண்டியதில்லை.

சட்டப்படி அவர் தப்பித்தார் என்று சொல்லலாம். இருந்தாலும் யோசித்துப் பாருங்கள். நல்ல பெயரெடுத்த, மூத்த ஒருவர். ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் முடிந்துபோகிற விஷயம். அதற்காக மூன்று நீதிமன்றப் படிகள், பல வருடங்கள். என் வகுப்பில் இந்த வழக்கைச் சொல்லும்போது யாராவது ஒருவர் “கடைசியில் அவர் பக்கம்தானே தீர்ப்பு?” என்று கேட்பார். அவரைக் கொஞ்சம் கவலையோடு பார்ப்பேன்.

அப்புறம் மூன்று பேர் கொண்ட குழுவின் சங்கதி. ஒவ்வொரு தரப்பும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும், தலைவரை அந்த இருவரோ அமைப்போ தேர்ந்தெடுக்கும். உங்களைத் தேர்ந்தெடுத்தவர் உங்களுக்கு முதலாளி இல்லை. காகிதத்தில் இது எல்லோருக்கும் தெரியும். ஆல்பர்ட் யான் வான் டென் பெர்க் என்ற அனுபவமிக்க நடுவர், நாடுகளுக்கும் முதலீட்டாளர்களுக்கும் இடையிலான வழக்குகளில், பெரும்பான்மைத் தீர்ப்போடு ஒத்துப்போகாத நடுவர்கள் தனியாக எழுதிய மாறுபட்ட கருத்துகளை எடுத்துப் பார்த்தார். 2011இல் வெளியிட்ட கணக்கு அது: 34 மாறுபட்ட கருத்துகள், ஏறக்குறைய எல்லாமே தோற்ற தரப்பு நியமித்த நடுவர் எழுதியவை. முதலீட்டு வழக்குகள் வேறு, வணிக வழக்குகள் வேறு என்று வாதிடலாம். நானும் வாதிட்டிருக்கிறேன், ஆனால் பெரிய நம்பிக்கையோடு இல்லை. ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது என்னை நியமித்த தரப்பின் வழக்கறிஞர் கேள்வி கேட்கத் திணறினால் எனக்குள் ஒரு சின்னப் பதற்றம் எழும். ஐயோ பாவம், இதை இப்படிக் கேட்டிருக்கலாமே என்று. அந்தப் பதற்றத்தை அடையாளம் கண்டு ஓரம் கட்டுவதற்கு எனக்குச் சில வழக்குகள் பிடித்தன. அது வராது என்று சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

இப்போது ‘சுயேச்சை’ என்ற சொல்லுக்கு வருகிறேன். தேர்தலில் சுயேச்சை என்றால் டெபாசிட் இழந்தவர்தான் நினைவுக்கு வருவார். தனியாக வெளியே வந்த முதல் இரண்டு வருடம் எனக்கும் ஏறக்குறைய அந்த நிலைமைதான். முன்பு ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் இருந்தேன். அங்கே இருக்கும்வரை நடுவராக வந்த அழைப்புகளில் முக்கால்வாசியை மறுக்க வேண்டியிருந்தது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில், நான் பார்த்தேயிராத ஒரு சகா, அந்தத் தரப்பின் துணை நிறுவனத்துக்கு ஒரு குத்தகைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார். அவ்வளவுதான், நலன் முரண்பாடு. பெரிய நிறுவனத்தில் எல்லோருடைய வாடிக்கையாளரும் என் வாடிக்கையாளர்தான். அதனால்தான் இந்தத் தொழிலில் பலர் ஒரு கட்டத்தில் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுத் தனியாக வருகிறார்கள். வந்த பிறகு முரண்பாடு குறைகிறது. வருமானமும் குறைகிறது. குமாஸ்தா, கணக்கர், கணினி ஆள் எல்லாம் நாமே.

தொடக்கத்தில் இருக்கிற பெரிய சிக்கல் உங்களுக்கே தெரிந்திருக்கும். முன்பு நடுவராக இருந்தவரைத்தான் நடுவராக நியமிப்பார்கள். தண்ணீரில் இறங்காமல் நீச்சல் கற்க வேண்டும், நீச்சல் தெரியாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. இந்த முடிச்சு அவிழ்கிற இடங்கள் சில உண்டு. மூத்த நடுவருக்குச் செயலராக இருந்து கோப்பு, கால அட்டவணை எல்லாம் பார்த்துக்கொள்வது ஒன்று. ஆனால் தீர்மானிக்கும் வேலையைச் செயலரிடம் தள்ளிவிடக் கூடாது, அது பெரிய பிரச்சினையாகும். இன்னொன்று சின்ன வழக்குகள். ஐசிசி 2017இல் விரைவு நடைமுறை கொண்டுவந்தது. முதலில் 20 லட்சம் டாலர் வரைக்கும், 2021இல் 30 லட்சம் டாலர் வரைக்கும். ஒரே நடுவர். வழக்கை எப்படி நடத்துவது என்று பேசும் முதல் கூட்டம் நடந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பு. மூத்தவர்களுக்கு இதில் அவ்வளவு ருசி இருக்காது. ஆகவே அமைப்புகள் புதியவர்களைத் தேடும். இங்கே இருக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: 2016இல் சமப் பிரதிநிதித்துவ உறுதிமொழி என்று ஒன்று வந்தது. அதில் கையெழுத்திட்டவர்கள் நடுவர் பட்டியல் போடும்போது பெண்களின் பெயரையும் தேடிச் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டவர்கள். அமைப்புகளின் நியமனங்களில் அது தெரிகிறது. நிறுவனங்களும் அவற்றின் வழக்கறிஞர்களும் செய்யும் நியமனங்கள் இன்னும் மெதுவாகத்தான் நகர்கின்றன.

கட்டணத்தைப் பற்றிக் கேட்க நினைத்துக் கூச்சப்படுகிறீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். ஐசிசியில் தகராறின் தொகையைப் பொறுத்து அட்டவணை. லண்டன் சர்வதேச நடுவர் மன்றமான எல்சிஐஏயில் மணிக்கணக்கு. ஐசிசியில் கடைசி விசாரணை முடிந்து மூவர் குழு மூன்று மாதத்துக்குள், தனி நடுவர் இரண்டு மாதத்துக்குள் வரைவை அனுப்ப வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. தகுந்த காரணமில்லாமல் இழுத்தால் கட்டணத்தில் கை வைப்பார்கள். நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. தாமதத்தின் வட்டியை நடுவர் கட்டுவதில்லையே, தோற்றவர்தானே கட்டுகிறார்.

விசாரணை நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது சலிப்பூட்டும். ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று சதுரங்கக் கடிகாரம் மாதிரி நேரத்தைப் பங்கிட்டுவிடுவோம். உங்கள் குறுக்கு விசாரணைக்கு உங்கள் கணக்கிலிருந்து நேரம் போகும். இரண்டு தரப்பு நிபுணர்களையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே கேள்வியைக் கேட்போம். தனித்தனியாகக் கேட்டால் வானத்துக்கும் பூமிக்கும் இருக்கும் வித்தியாசம், பக்கத்தில் உட்கார்ந்தால் அரைவாசி ஆகிவிடும். இப்போது பாதி விசாரணை திரையில்தான். மூன்று கண்டங்களில் மூன்று நடுவர்கள் என்றால் யாராவது ஒருவர் தூக்கத்தைத் தியாகம் செய்ய வேண்டும். வழக்கமாகத் தலைவர்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தோற்கப்போகிறவரை நினை என்று சொன்னேன் இல்லையா, அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. எதைக் கேட்டாலும் சரி என்பார்கள். இன்னொரு மாத அவகாசமா, சரி. கடைசி நாளில் நானூறு பக்கப் புது ஆவணமா, சரி. மறுத்தால் “எனக்கு வாய்ப்புத் தரவில்லை” என்று நாளைக்குத் தீர்ப்பை உடைப்பார்களோ என்ற பயம். லண்டனின் குயின் மேரி பல்கலைக்கழகம் 2015இல் நடத்திய கருத்தாய்வு இந்தப் பயத்தைத் தனியாகவே சுட்டிக்காட்டியது. இது நியாயம் இல்லை, கோழைத்தனம். நியாயமான வாய்ப்பு என்பது அளவற்ற வாய்ப்பு ஆகாது. காரணத்தை இரண்டு வரியில் எழுதி, இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவுகோலை வைத்து மறுத்தால், எந்த நீதிமன்றமும் பெரும்பாலும் கைவைக்காது.

மறுபக்கமும் உண்டு. தன் பக்கத்தையே சரியாகச் சொல்லாத ஒரு தரப்பு எதிரே உட்கார்ந்திருந்தால் நடுவர் என்ன செய்வது? நைஜீரியாவுக்கும் பி அண்ட் ஐடி என்ற நிறுவனத்துக்கும் இடையே 2010இல் ஓர் எரிவாயு ஒப்பந்தம். ஆலை கட்டவே இல்லை. ஒப்பந்தம் முறிந்ததற்காக 2017இல் நடுவர்கள் 660 கோடி டாலர் தரச் சொன்னார்கள். வட்டியோடு சேர்ந்து அது 1,100 கோடியைத் தாண்டியது. லண்டன் நீதிமன்றம் விசாரித்தபோது லஞ்சம் வெளியே வந்தது, நைஜீரியாவின் ரகசியச் சட்ட ஆவணங்கள் எதிர்த்தரப்பின் கையில் இருந்தது வெளியே வந்தது. மோசடியால் பெற்ற தீர்ப்பு என்று 2023 அக்டோபரில் நீதிபதி ராபின் நோல்ஸ் முடிவு செய்தார். அந்த நடுவர்கள் அனுபவம் மிக்கவர்கள், அவர்கள் நேர்மையை யாரும் குறை சொல்லவில்லை. அவர்கள் முன்னால் வைக்கப்பட்டதை வைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். நைஜீரியாவின் பக்கம் அவர்கள் முன்னால் ஒழுங்காக வைக்கப்படவே இல்லை. அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகு, ஒரு தரப்பு விசித்திரமாக அமைதியாக இருந்தால் நான் கேள்வி கேட்கிறேன். வழக்கை அவர்களுக்காக நடத்த எனக்கு உரிமை இல்லை. “இந்தக் கேள்விக்கு உங்கள் பதில் என்ன, எழுத்தில் தாருங்கள்” என்று கேட்க உரிமை உண்டு.

இனி தீர்ப்பு எழுதுவது. இதில் என் சொந்த அவமானம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் தனி நடுவராக இருந்து எழுதிய ஆரம்பகாலத் தீர்ப்பு ஒன்று. மூன்று மாதம் உழைத்து, சட்டப் பகுதியைச் செதுக்கிச் செதுக்கி எழுதினேன். கையெழுத்திட்டு அனுப்பினேன். இருபது நாள் கழித்து ஒரு கடிதம்: வட்டி தொடங்கும் தேதியில் நீங்கள் ஒரு வருடத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள். பார்த்தேன், உண்மைதான். தீர்ப்பின் உள்பகுதியில் சரியாக எழுதிய தேதி, கடைசிக் கட்டளைப் பகுதியில் ஒரு வருடம் முன்னதாகத் தட்டச்சாகியிருந்தது. முழுதாக ஒரு வருட வட்டி அதிகம். தீர்ப்புச் சொல்லி முடித்ததும் நடுவரின் அதிகாரம் முடிந்துவிடும். ஆனால் இந்த மாதிரி எழுத்துப் பிழை, கணக்குப் பிழையைத் திருத்த மட்டும் வழி உண்டு. ஐக்கிய நாடுகளின் 1985ஆம் ஆண்டு மாதிரிச் சட்டத்தில் அதற்கு 30 நாள். நல்லவேளை, அதற்குள் வந்தது கடிதம். எழுதியவர் யார் தெரியுமா? தோற்றவர். வென்றவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடிவைத்திருந்தார். தோற்றவர் ஒவ்வொரு வரியையும் படித்திருந்தார். அந்தக் கடிதத்தில் கோபம் இல்லை, அதுதான் என்னை இன்னும் வெட்கப்படுத்தியது.

அதிலிருந்து நான் தீர்ப்பை அவருக்காக எழுதுகிறேன். வகுப்பிலும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பயிற்சி என்று வந்தால் 1915இல் லண்டனில் தொடங்கிய பட்டய நடுவர்கள் நிறுவனம் உலகமெங்கும் படிப்படியாகத் தேர்வு வைக்கிறது. உறுப்பினர், அதற்கு மேல் ஃபெல்லோ என்று போகும். மற்றப் பாடங்களில் நன்றாகத் தேறியவர்கள் தீர்ப்பு எழுதும் பாடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். வழக்கறிஞர்கள் அதிகம் விழுகிறார்கள். காரணம் எளிது: அவர்களுக்கு வாதாடித்தான் பழக்கம். வாதி சொன்னது இருபது பக்கம், பிரதிவாதி சொன்னது இருபது பக்கம், பிறகு “இரண்டையும் கவனமாகப் பரிசீலித்து, வாதியின் கூற்றே ஏற்கத்தக்கது என்று கருதுகிறேன்” என்று ஒரே வரி. ஏன் ஏற்கத்தக்கது? பதில் இல்லை. பொறியாளர்கள் வாக்கியத்தை உடைத்துக் கொட்டுவார்கள், இலக்கணம் தள்ளாடும். ஆனால் இதிலிருந்து இது, அதிலிருந்து அது என்று படிக்கட்டு இருக்கும்.

நான் ஒரு பயிற்சி வைப்பேன். ஒருவர் தன் தீர்ப்பை உரக்கப் படிக்க வேண்டும். எதிரே இன்னொருவர், தோற்ற நிறுவனத்தின் மேலாளராக உட்கார வேண்டும். அவருக்கு ஒரே ஒரு உரிமை: எங்கே புரியவில்லையோ அங்கே கையைத் தூக்கலாம். “நான் கொடுத்த அந்த மார்ச் மாதக் கடிதம் என்ன ஆச்சு?” என்று கேட்பார். எழுதியவர் பக்கங்களைப் புரட்டுவார். கடிதம் தீர்ப்பில் எங்கேயும் இருக்காது. அதைப் படித்தார், நம்பவில்லை, ஆனால் எழுத மறந்துவிட்டார். அரை மணி நேரத்தில் அந்தக் கை ஏழெட்டு முறை தூக்கப்படும். கேட்காததைக் கொடுத்திருப்பார், கேட்டதைத் தீர்க்காமல் விட்டிருப்பார், செலவு யார் கட்டுவது என்பதையே மறந்திருப்பார். மதியத்துக்குப் பிறகு எல்லோரும் ஒழுங்காக எழுதுவார்கள். மறுநாள் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். இருந்தாலும் பாதிப் பேர் மறப்பதில்லையே.

இப்போது எல்லா வகுப்பிலும் செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்கிறார்கள். பட்டய நடுவர்கள் நிறுவனமே 2025இல் அதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. என் நிலை சாதாரணம். காலவரிசை தயாரிக்க, மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க உதவி எடுக்கலாம், எடுத்தால் தரப்பினருக்குத் தெரிய வேண்டும், அவர்களுடைய ரகசிய ஆவணங்கள் எங்கே போகின்றன என்பதும் தெரிய வேண்டும். யாரை நம்புவது என்ற முடிவை அதனிடம் கொடுக்க முடியாது. அவர்கள் கையெழுத்துப் போட்டு நியமித்தது என்னை.

பயிற்சி கொடுப்பதில் பணம் பெரிதாக இல்லை. விளம்பரம் போட்டு வேலை கேட்க முடியாத தொழிலில், வகுப்பறையில்தான் நாலு பேருக்கு நம்மைத் தெரியும். அதை ஒளிப்பானேன்? ஆனால் அதற்கும் ஒரு கண்ணி உண்டு. வாயைத் திறக்கிற இடம் அது. 2009இல் பெரென்கோ என்ற எண்ணெய் நிறுவனத்துக்கும் ஈக்வடாருக்கும் இடையே வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, நடுவர்களில் ஒருவர் ஒரு பேட்டியில் ஈக்வடாரைப் பற்றிக் கருத்துச் சொன்னார். ஈக்வடார் ஆட்சேபித்தது. ஹேகில் இருக்கும் நிரந்தர நடுவர் நீதிமன்றத்தின் பொதுச் செயலாளர் அந்த ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டார். ஒரு பேட்டி, ஒரு நடுவர் பதவி. ஆகவே நான் இன்றைக்கு இங்கே சொன்ன எல்லா உதாரணங்களும் செய்தித்தாளிலும் நீதிமன்ற ஏட்டிலும் ஏற்கெனவே வந்தவை. என் சொந்த வழக்குகளில் தேதி இல்லை, ஊர் இல்லை, பெயர் இல்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். மேடையில் பேசி முடித்ததும் அந்தப் பேச்சைத் தேதி போட்டுக் கோப்பில் வைத்துக்கொள்வது என் வழக்கம். பிற்காலத்தில் யாராவது “நீங்கள் அன்றைக்கு இப்படிச் சொன்னீர்களே” என்று எழுதினால் எடுத்துக் காட்ட வேண்டுமே.

மேசையில் ஒரு வரைவு பாதியில் இருக்கிறது, அதன் கெடு வெள்ளிக்கிழமை. அதனால் கேள்விகளுக்கு அரை மணி நேரம் தருகிறேன். கட்டணம், தேர்வு, தூக்கம், எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்குகளைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அப்புறம், பின்வரிசையில் இருக்கும் ஒருவர் சென்ற வருடம் என் முன்னால் வாதாடினார் என்று நினைக்கிறேன். வணக்கம். தேநீரின்போது தனியாகப் பேச வராதீர்கள், இரண்டு பேருக்கும் நல்லதில்லை.